கிழக்கே வள்ளிக்கண்ணு வீடு

போன வாரம் நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, குடும்ப நல நீதிமன்றத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். வருகிற மனுவைச் சரிபார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்புவதும், இல்லாவிட்டால் எண் கொடுத்து உள்ளே விடுவதும் அந்த நாற்காலியின் வேலை. எங்கள் காலத்தில் மனு காகிதமாக வரும். இப்போது கம்ப்யூட்டரில் வருகிறது. சொத்து விவரம் என்ற இடத்தில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றனவாம். நான்கையும் நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு நகராதாம்.

"மேடம், புருஷன் பொண்டாட்டி கேஸ். சண்டையே அவங்க நடத்துற சமையல் வீடியோ சேனலுக்குத்தான். சேனலுக்கு நாலு எல்லை என்னன்னு போடுறது? நீங்கதான் முன்னாடி ஒரு தடவை போட வச்சீங்களாமே."

அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். "ராஜேஸ்வரி மேடம் செல்போன் கேமுக்குப் பட்டா கேட்டாங்க" என்று ஆபீசில் ஒரு கதை ஓடுகிறது. நான் பட்டா கேட்கவில்லை. நாலு எல்லைதான் கேட்டேன். பட்டாவைச் சேர்த்தது நீதிபதி அம்மா, அதுவும் கேலிக்கு. மிச்சக் கதையையும் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். வெண்டைக்காய்ப் பொரியல் அன்று பிசுபிசுத்துப் போனது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டை. டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, பரீட்சை எழுதி, ஒரு தாலுகா கோர்ட்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பல வருடம் அடித்தேன். பிறகு நகல் பிரிவு, பதிவேடு அறை, மனு சரிபார்ப்பு. கல்யாணம், இரண்டு பிரசவம், ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன் எல்லாம் இந்த வரிசைக்கு நடுவில் லீவு கிடைத்தபோது நடந்தன.

சரிபார்ப்புக்கு வந்த புதிதில் ஒரு தப்புச் செய்தேன். ஒரு வீட்டு வழக்கில் கிழக்கும் மேற்கும் இடம் மாறி எழுதப்பட்டிருந்தன. நான் கவனிக்காமல் எண் கொடுத்துவிட்டேன். எதிர்த் தரப்பு வரவே இல்லை, தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்பை நிறைவேற்றுகிற கோர்ட் அமீனா அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய், அதில் எழுதியிருந்தபடி பக்கத்து வீட்டைப் பூட்டி சீல் வைத்துவிட்டு வந்தார். அந்த வீட்டு அம்மாள் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். மறுநாள் கோர்ட்டுக்கு வந்தார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "பரவால்ல தாயி. ஆட்டுக்குட்டி உள்ள மாட்டிக்கிச்சு. ராப்பூரா பால் இல்லாமக் கத்திக்கிட்டே கெடந்துச்சு, அதான்" என்றார். திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து எல்லைகளை விரல் வைத்துப் படிப்பேன். வடக்கே யார், தெற்கே என்ன, பாதை யாருடையது, எல்லாம் சரியாக இருந்தால்தான் எண். பெரிய பெரிய வக்கீல்கள் மனுவெல்லாம் மூன்று தடவை திரும்பிப் போயிருக்கிறது. 'ரிட்டர்ன் ராஜேஸ்வரி' என்று பெயர் வைத்தார்கள். முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்தப் பெயரைச் சொன்னால்தான் எனக்கே என்னைத் தெரிந்தது.

அந்த நீதிபதி அம்மா எங்கள் கோர்ட்டுக்கு வந்தது என் சர்வீசின் கடைசிப் பகுதியில். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் அம்மா என்றே எழுதுகிறேன். குரல் உயராது. வாசலில் நிற்கிற டவாலி முதல் வக்கீல் வரை எல்லாரையும் 'வாங்க, சொல்லுங்க' என்பார். மேஜையில் சீரக வெந்நீர் பிளாஸ்க் ஒன்று இருக்கும். அதை யாருக்கும் கொடுக்க மாட்டார், அது ஒன்றில் மட்டும் கருமி. பேனா மூடியைத் திருகி மூடினால் அன்றைய விசாரணை முடிந்தது என்று அர்த்தம். பேசிக்கொண்டிருக்கிற வக்கீல் அந்தச் சின்னச் சத்தத்தில் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது, வேறு யாரிடமும் நான் பார்க்காதது. சொத்து சம்பந்தப்பட்ட மனு என்றால், முதல் வாய்தாவிலேயே இரண்டு தரப்பையும் உட்காரவைத்து, சொத்து விவரத்தை உரக்கப் படிக்கச் சொல்வார். "எழுதுனதை வக்கீல் படிச்சிருப்பாரு, நான் படிச்சிருப்பேன். சண்டை போடுறவங்க படிச்சிருக்க மாட்டாங்க" என்பார். படிக்கிற வேலை என்னுடையது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், பங்குனி வெயிலில், நித்யா வந்தாள். இலுப்பூரில் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் மகள். முப்பது வயது இருக்கும். எங்கள் கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் நேரடியாகவே மனு போடலாம் என்பதால் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அவளுடைய கணவன் பழனிவேல், திருவரங்குளம் பக்கத்து ஆள், செல்போனில் ஆடுகிற விளையாட்டு ஒன்றைத் தனி ஆளாக உருவாக்கியவன். திருச்சியில் ஒரு வாடகை அறையில் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தானாம். படங்கள் எல்லாம் இவள் வரைந்தது. விளையாட்டின் பெயர் 'மடை'. ஆடுகிறவன் ஒரு கிராமத்தின் தண்ணீர்க்காரன். கண்மாயில் இருக்கிற தண்ணீரை மடை திறந்து, வாய்க்கால் வழியாக எல்லா வயலுக்கும் பாய்ச்ச வேண்டும். சவூதியிலும் துபாயிலும் வேலை பார்க்கிற நம் பக்கத்துப் பிள்ளைகள் ரூமில் படுத்துக்கொண்டு அதை ஆடினார்கள். பழனிவேல் முப்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போய்விட்டான்.

சிக்கல் என்னவென்றால், இருவரும் கோயிலில் நான்கு நண்பர்களை வைத்துத் தாலி கட்டிக்கொண்டவர்கள். சாதி வேறு. அடுத்த மாதம் பதியலாம், அடுத்த மாதம் பதியலாம் என்று கல்யாணத்தைப் பதியவே இல்லை. பழனிவேலின் அம்மா வள்ளிக்கண்ணு, "என் மகனுக்குக் கல்யாணமே ஆகவில்லை" என்று சொல்லிவிட்டார். அது உண்மையானால் அவர் மட்டும்தான் வாரிசு. விளையாட்டை அவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அவருக்கு அதை விற்கவோ நடத்தவோ ஆசையில்லை. அழிக்க வேண்டும், அவ்வளவுதான். தூங்காமல் கொள்ளாமல் அதன் முன்னால் உட்கார்ந்துதான் மகன் செத்தான் என்பது அவர் முடிவு. ஆகவே நித்யா கேட்டது இரண்டு: தான் பழனிவேலின் மனைவி என்று கோர்ட் சொல்ல வேண்டும், விளையாட்டை அழிக்கத் தடை வேண்டும்.

நான் மனுவைப் புரட்டினேன். சொத்து விவரம் என்ற தலைப்பின் கீழ், 'மடை என்னும் கைப்பேசி விளையாட்டு' என்று ஒரே வரி.

"இதுக்கு நாலு எல்லை எங்கம்மா?"

"இது கேம்ங்க மேடம்."

"எதுவா இருந்தாலும் சொத்துதானே? சொத்துன்னா எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு எழுதணும்ல?"

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்கு அந்த ஆட்டுக்குட்டி சத்தம்தான் காதில் கேட்டது. 'சொத்தின் நான்கு எல்லைகள் குறிப்பிடப்படவில்லை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் சண்டை போட்டிருப்பார்கள். அவள் வராந்தாவில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். போனைத் திறந்து அந்த விளையாட்டுக்குள் கொஞ்ச நேரம் நடந்தாள். பிறகு எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள்.

வடக்கே: பெரிய கண்மாய். தெற்கே: சைக்கிள் கடையும் அடிபம்பும். மேற்கே: பஸ் நிற்கும் புளியமரம். கிழக்கே: வள்ளிக்கண்ணு வீடும், அதன் தென்புறம் முருங்கை மரமும்.

கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. கேட்டார்கள், எழுதினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. எண் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் வழக்குக் கட்டைப் பார்த்த நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏங்க ராஜேஸ்வரி, இதுக்கு வி.ஏ.ஓ.கிட்ட பட்டா வாங்கிட்டு வரச் சொல்லலையா?" என்றார். ஆபீஸ் முழுக்க ஒரு வாரம் அதுதான் பேச்சு.

சிரிப்பு முதல் வாய்தாவோடு நின்றது. வள்ளிக்கண்ணு வக்கீலோடு வந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, வெயிலில் காய்ந்த கை. நித்யா இருந்த பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. அம்மா வழக்கப்படி சொத்து விவரத்தைப் படிக்கச் சொன்னார். நானும் ராகம் போட்டுப் படித்தேன். 'கிழக்கே வள்ளிக்கண்ணு வீடும்' என்ற இடம் வந்ததும் அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எந்த வள்ளிக்கண்ணு?"

யாரும் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். "எம் புள்ளைய எடுத்தா. இப்ப எங்க வீட்டையும் பத்திரத்துல எழுதிப்புட்டா. அம்மா, நல்லாப் பாத்துக்கங்க. இருக்கிறது அந்த ஒரு வீடுதான்."

"அத்தை, அது கேம்ல இருக்க வீடு" என்றாள் நித்யா.

"யாருக்கு யாரு அத்தை?"

எவ்வளவு விளக்கியும் அந்த அம்மாள் நம்பவில்லை. கோர்ட் காகிதத்தில் தன் பெயரும் வீடும் திசையோடு இருக்கும்போது யார்தான் நம்புவார்? அவருடைய வக்கீல் அந்தச் சூட்டோடு ஒரு மனுப் போட்டார். வழக்கு முடியும்வரை சொத்தில் இரு தரப்பும் எந்த மாற்றமும் செய்யக் கூடாது, உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும் என்று கேட்டார். நிலத் தகராறில் தினமும் போடுகிற உத்தரவுதான். அழிக்கவும் முடியாது, அதனால் நித்யாவுக்கும் பாதுகாப்பு என்று அம்மா நினைத்தார். நானும் நினைத்தேன். உத்தரவை நான்தான் டைப் செய்தேன். 'எவ்வித மாற்றமும்' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு வேறு போட்டேன்.

கவுன்சிலிங்குக்கு அனுப்பினோம். இருவரும் இரண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள். சித்திரை வந்தது. கோடை விடுமுறைக்குக் கோர்ட் மூட நான்கு நாள் இருக்கும்போது நித்யா மூச்சு வாங்க என் மேஜைக்கு வந்தாள். விளையாட்டுகளை விநியோகிக்கிற கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். புதிய போன்களுக்கு ஏற்றபடி விளையாட்டை மாற்றிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் மே மாதக் கடைசியில் எடுத்துவிடுவோம் என்று இருந்தது.

"மாத்தித் தர வேண்டியதுதானே?"

"எவ்வித மாற்றமும் செய்யக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கே மேடம். நீங்க கோடு வேற போட்டிருக்கீங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிலத்தை ஆள் தொடாமல் போட்டால் புல் முளைக்கும், நிலம் நிலமாகவே இருக்கும். இது அப்படி இல்லையாம். தொடாமல் விட்டால் செத்துப்போகுமாம். கோர்ட் திறக்க ஜூன் ஆகிவிடும். வள்ளிக்கண்ணு விரும்பியதை அவர் கேட்காமலேயே நாங்கள் கொடுத்துவிட்டோம். நான் எல்லை கேட்காமல் இருந்திருந்தால் வீடு என்ற பேச்சே வந்திருக்காது, இந்த உத்தரவும் வந்திருக்காது. கட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அம்மாவின் அறைக்குப் போனேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சர்வீசில் அதுதான் முதல் தடவை.

அம்மா முழுவதும் கேட்டார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "எல்லை கேட்டது தப்பில்லைங்க. எல்லை எழுதின சொத்தைப் போய்ப் பாக்காம ஆர்டர் போட்டேனே, அதுதான் தப்பு. நிலமா இருந்தா என்ன செய்வோம்?"

"தல ஆய்வு, அம்மா."

"அதையே செய்வோம். நாளை மறுநாள் பதினோரு மணி. ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. நீங்க குறிப்பெடுங்க."

நிலத் தகராறில் சில சமயம் நீதிபதியே நேரில் போய்ப் பார்ப்பார். கூடவே ஒருவர் நடந்து, எங்கே தொடங்கினோம், எங்கே என்ன இருந்தது என்று குறிப்பு எழுத வேண்டும். செருப்பில் சேறு படாமல் நான் எடுத்த ஒரே தல ஆய்வுக் குறிப்பு இதுதான்.

அம்மாவின் அறையில் வட்ட மேஜை. நித்யா பெரிய திரையுள்ள டேப்லெட் ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். வள்ளிக்கண்ணு அவளுக்கு எதிரே உட்கார்ந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் வக்கீல். நான் நோட்டில் 'வடக்கு எல்லையில் தொடங்கினோம்' என்று எழுதினேன்.

"வடக்கே என்ன எழுதியிருக்கு?" என்றார் அம்மா.

"பெரிய கண்மாய், அம்மா."

"காட்டுங்க."

திரையில் கண்மாய் வந்தது. தண்ணீரில் நீர்க்காகம் முங்கி எழுந்தது. மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கில் யாரோ வேட்டி துவைத்துப் போட்டிருந்தார்கள். அடுத்து தெற்கே போனோம். சைக்கிள் கடை, அடிபம்பு. ஒவ்வொன்றையும் பார்த்து, இருக்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தேன். மேற்கே புளியமரம் வந்தபோது வள்ளிக்கண்ணு மின்விசிறியை விட்டுவிட்டிருந்தார். "அது தடியன் புளி. எங்க ஊரு மரம்ல" என்று தனக்குள் சொன்னார்.

கிழக்கே போனோம். ஓட்டு வீடு, நீல நிறக் கதவு, வாசலில் நெல் காயப்போட்ட படுதா. வீட்டுக்கு முன்னால் ஒரு வயல், வெடித்துக் கிடந்தது.

அந்த அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். "எங்க வயலு. கடைமடை. என்னைக்கும் தண்ணி வந்ததில்ல இதுக்கு. பள்ளிக்கொடம் விட்டு வந்து மம்பட்டியத் தூக்கிக்கிட்டு அவந்தான் போயி மல்லுக்கு நிப்பான்."

"இந்த வயலுக்குத் தண்ணி ஏறுனாத்தான் ஒரு நாள் ஆட்டம் முடியும். அப்படித்தான் வச்சிருக்காரு" என்றாள் நித்யா.

"எங்க, ஏத்து பாப்போம்."

நித்யா நீதிபதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தார். அவள் மடையைத் திறந்தாள். தண்ணீர் வாய்க்காலில் ஓடி மூன்றாவது வயலோடு நின்றுவிட்டது.

"எனக்கு என்னைக்குமே வராது. அவரு இருந்தப்பக்கூட அவருதான் ஏத்துவாரு" என்றாள்.

"மேமடைய அடைக்காமக் கீழ எப்புடி வரும்? அடை."

"அடைச்சா மேமடைக்காரரு சண்டைக்கு வந்துருவாருங்க. மம்பட்டியோட வருவாரு."

"வரட்டும். நாந்தான் இங்கிட்டு இருக்கேன்ல."

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். நித்யா மேல்மடையை அடைத்தாள். தண்ணீர் இன்னும் இரண்டு வயல் தாண்டி, கடைசி வரப்புக்கு முன்னால் மறுபடி வற்றியது. வள்ளிக்கண்ணு திரைமேல் குனிந்து, காய்ந்த விரலால் ஓர் இடத்தைத் தொட்டார்.

"இந்தா, இந்த வரப்புல நண்டு வளை இருக்கும். பாதித் தண்ணி இதுலதான் போவும். மொதல்ல இதை மிதி."

நித்யா நிமிர்ந்து பார்த்தாள். "இந்த ஓட்டைய வரையச் சொன்னாரு. எதுக்குன்னு கேட்டேன். இருக்கட்டும்னு சொல்லிட்டாரு" என்றாள். அவள் அந்த ஓட்டையை அழுத்தினாள். மண் மூடியது. தண்ணீர் வரப்பைச் சுற்றிக்கொண்டு வந்து, வெடித்துக் கிடந்த வயலில் மெல்லப் பரவியது. எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன்.

நீலக் கதவு திறந்தது. டேப்லெட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "தண்ணி ஏறிருச்சாப்பா? சரி வா, சாப்புட்டுப் படு."

வள்ளிக்கண்ணுவின் குரல். போனில் அவர் எப்போதோ பேசியதை மகன் பதிந்து வைத்திருக்கிறான். அந்த அம்மாள் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நாந்தான்" என்றார். நீதிபதி அம்மா பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் சீரக வெந்நீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார். அந்த பிளாஸ்க்கிலிருந்து இன்னொருவர் குடித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

குடித்து முடித்த பிறகு அம்மா அவருக்கு எடுத்துச் சொன்னார். நாங்கள் போட்ட உத்தரவுப்படி யாரும் தொடாமல் விட்டால் மே மாதக் கடைசியில் இது இல்லாமல் போய்விடும், கோர்ட் அப்படி நினைத்து உத்தரவு போடவில்லை, நீங்கள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அதை நான் மறுபடி பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றார்.

"இது போச்சுன்னா இந்த வீடும் போயிருமா?"

"போயிரும்மா."

அவர் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நித்யா இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள். என் நோட்டில் அந்த இடத்தில் ஒரு மைப்பொட்டு இருக்கிறது. பேனாவை எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசியில் அந்த அம்மாள் பேசியபோது குரலில் எரிச்சல்தான் இருந்தது.

"முருங்கை மரம் தெக்கால நிக்கிது. அது வடக்காலல்ல இருந்துச்சு. யாரு வரைஞ்சது?"

"நான்தாங்க. நான் அந்த வீட்டைப் பாத்ததே இல்ல. அவரு சொல்லச் சொல்ல வரைஞ்சது" என்றாள் நித்யா.

வள்ளிக்கண்ணு நீதிபதி பக்கம் திரும்பினார். வரப்புத் தகராறில் நியாயம் கேட்கிற மாதிரிக் கையை நீட்டினார். "பாருங்கம்மா இந்தக் கொடுமைய. எம் மருமக இன்னும் வீட்டையே பாக்கலையாம். பாக்காம வரைஞ்சா மரம் இப்புடித்தான் எடம் மாறிப் போவும். வந்து பாத்துட்டு மாத்தி வைக்கச் சொல்லுங்க."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அவர் நல்ல மனிதர்தான், பாவம். வழக்கே அந்த ஒரு சொல்லின் மேல்தான் நின்றது.

அம்மா என்னைப் பார்த்தார். "ராஜேஸ்வரி, அவங்க சொன்னதை அப்படியே எழுதுங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது."

எழுதினேன். ஓர் எழுத்தும் மாறவில்லை. எழுதியதை உரக்கப் படித்தேன். 'எம் மருமக' என்ற இடத்தில் நிறுத்தவில்லை. நித்யா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீங்க சொன்னது இதுதானாம்மா? மருமகள்னு சொன்னீங்க. அதை எழுதிட்டா, இவங்க உங்க மகனோட மனைவின்னு நீங்க ஒத்துக்கிட்டதா ஆகும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா? வேணும்னா வக்கீல்கிட்ட வெளிய போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார் அம்மா. அவர் அப்படித்தான். தானாக வந்து விழுந்ததைக்கூட, தெரிந்துதான் விழுந்ததா என்று கேட்காமல் எடுத்துக்கொள்ள மாட்டார்.

வள்ளிக்கண்ணு வக்கீலைப் பார்த்தார், நித்யாவைப் பார்த்தார், மறுபடி திரையில் தண்ணீர் நிற்கிற வயலைப் பார்த்தார்.

"நண்டு வளைய மிதின்னதும் ஏன் எதுக்குன்னு கேக்காம மிதிச்சாள்ல. வேற எவ மிதிப்பா? எழுதிக்கங்க."

எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். அம்மா பேனா மூடியைத் திருகி மூடினார்.

மறுநாளே சமரச மனு வந்தது. அதை நான் வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன், ரிட்டர்ன் போடுவதற்கு ஒன்றுமில்லை. விடுமுறைக்கு முந்தைய நாள் உத்தரவானது. 'எவ்வித மாற்றமும்' என்று நான் கோடு போட்ட உத்தரவு நீக்கப்பட்டது. விளையாட்டு கெடுவுக்குள் புதுப்பிக்கப்பட்டது. இப்போது என் போனிலும் இருக்கிறது. நண்டு வளை எங்கே என்று தெரிந்தும் எனக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் தண்ணீர் ஏறுகிறது. ஏறுகிற அன்று 'சாப்புட்டுப் படு' என்று வள்ளிக்கண்ணு சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொள்வார்.

போன் வந்த அன்று மதியமே பிரியாவைத் திரும்பக் கூப்பிட்டேன். "அந்த ரெண்டு பேரையும் வரச் சொல்லு. சமையல் சேனல்தானே? அடுப்பு யாரு வீட்டுல இருக்கு, அதுக்குக் கிழக்கே என்ன இருக்குன்னு அவங்களையே எழுதச் சொல்லு. எழுதுனதும் ரெண்டு பேரையும் உக்கார வச்சு உரக்கப் படி" என்றேன். சிரித்தாள். "சிரிக்காதே. மொதல்ல ரெக்கார்டு ரூம்ல அந்தப் பழைய கட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில், இறந்துபோன பழனிவேலின் வாரிசுகள் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். தாய் வள்ளிக்கண்ணு, மனைவி நித்யா. அதற்குக் கீழே திருத்திய சொத்து விவரம். வடக்கும் தெற்கும் மேற்கும் பழையபடிதான். கிழக்கே: வள்ளிக்கண்ணு வீடும், அதன் வடபுறம் முருங்கை மரமும். அந்த மரம் புயலில் விழுந்து வெகு நாளாகிறது. அடிக்கட்டை மட்டும்தான் இருக்கிறதாம். அதனால் நித்யா அடைப்புக்குறி போட்டு, தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: மரம் இருந்த இடத்தை அத்தை காட்ட, நேரில் பார்த்து எழுதியது.